தீவுக்குப் போகட்டும், போர்வெல் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவைப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் பள்ளி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் லட்சத்தீவுக்குக் கூட்டிப் போய், அங்கே தீவு மக்களோடு தங்க வைத்து, சேவை செய்ய வைத்துத் திருப்பிக் கூட்டி வரப்போவதாகப் பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. என் மகள் வயிற்றுப் பேத்தி அங்கேதான் படிக்கிறாள். பிள்ளைகள் போவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் அங்கே செய்யப் போகிற வேலைகள் என்று போட்டிருப்பதில் முதல் வரியே "ஆழ்துளைக் கிணறு அமைத்து நல்ல குடிநீர் வழங்குதல்" என்று இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இது ஒரு பள்ளியோடு போகிற விஷயம் இல்லை. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இப்போது பல பள்ளிகள் இந்த மாதிரி பயணம் போகின்றன, அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். எங்கள் ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில், போர்வெல் போடுகிற ரிக் வண்டிப் பேச்சு ஓடும். எங்கள் ஊர் வண்டி போகாத மாநிலம் இல்லை, ஆப்பிரிக்கா வரைக்கும் போய் போர் போட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தத் தொழிலில்தான் குடும்பத்தைக் காப்பாற்றினேன். அதனால் போர்வெல்லைப் பழித்துப் பேச எனக்கு ஒரு காரணமும் கிடையாது. அந்த நான் சொல்கிறேன்: அந்தத் தீவுகளில் போர்வெல் போடுவது, இருக்கிற நல்ல தண்ணியைக் கெடுக்கிற வேலை.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சுற்றறிக்கை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தால் அந்த வரி வந்திருக்காது. நம்ம பக்கம் மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே முழுக்கப் பாறை. பாறையில் எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கேதான் தண்ணி. ஐந்நூறு அடியில் இல்லையென்றால் எழுநூறு, அதிலும் இல்லையென்றால் ஆயிரம் என்று ராடு மேல் ராடு மாட்டி இறக்கிக்கொண்டே போவோம். ஆழம் போகப் போகக் கிடைக்கும் என்பதுதான் நம் நம்பிக்கை, சில சமயம் அது பலிக்கவும் செய்யும். லட்சத்தீவு அப்படி இல்லை. அது பவளப்பாறை செத்துப் பொடிந்து சேர்ந்த மணல் திட்டு. கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரம்தான் இருக்கும். ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பெய்கிற மழை அந்த மணலில் இறங்கி, கீழே ஏற்கெனவே நிற்கிற கடல் தண்ணியின் மேல், பாலின் மேல் ஆடை படிந்த மாதிரி, மிதந்துகொண்டு நிற்கிறது. உப்புத் தண்ணி நல்ல தண்ணியைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம், அதனால்தான் இது மிதக்கிறது. இந்த நல்ல தண்ணிப் படலம் பல இடங்களில் சில மீட்டர் கனம்தான். அதைத் தாண்டி இறங்கினால் கிடைப்பது கடல்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணி ஒரு அடி நின்றால், கீழே நாற்பது அடி வரைக்கும் அது உப்பை அமுக்கிப் பிடித்திருக்கும் என்பது கிணற்றுக்காரர்களும் நிலத்தடி நீர்க்காரர்களும் வைத்திருக்கும் கணக்கு. மணலும் கடல் ஏற்ற இறக்கமும் கலக்கிவிடுவதால் தீவில் அவ்வளவு கனம் நிற்பதில்லை, அது வேறு. ஆனால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே ஒரு அடி இறக்கினால், கீழே உப்பு எவ்வளவு வேகமாக மேலே ஏறி வரும்! கிணற்றுக்கு நேர் கீழே கூம்பு மாதிரி குவிந்து ஏறும். ஒரு தடவை ஏறிவிட்டால் மோட்டாரை நிறுத்தினாலும் உடனே இறங்காது. அதனால்தான் அங்கே கிட்டத்தட்ட வீட்டுக்கு வீடு ஒரு கிணறு வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஆழமில்லாத கிணறு. எல்லோரும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கிறார்கள். நான் முன்பு கொச்சியிலிருந்து சுற்றுலாக் கப்பலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒரு சுற்று போய்விட்டு வந்திருக்கிறேன். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள், நான் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன், தொழில் புத்தி. ஏதோ நாலடி, ஆறடியில் தண்ணி கண்ணுக்குத் தெரிகிறது. கடல் ஏற்றத்தில் கிணற்றுத் தண்ணியும் கொஞ்சம் ஏறுகிறது, கடல் இறக்கத்தில் இறங்குகிறது. அந்த இடத்தில் ரிக்கைக் கொண்டுபோய் நிறுத்தி, இருநூறு அடி இறக்கி, மூன்று எச்.பி. மோட்டாரை மாட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் ஹெல்பர் வேலை பார்க்கிற பையன்கூடச் சொல்வான். அங்குள்ள நிர்வாகம் அனுமதி கொடுக்காது என்றுதான் நினைக்கிறேன். வண்டியைக் கப்பலில் ஏற்றுகிற செலவை யோசித்தாலே போதும். ஆனால் அனுமதி கொடுக்க மாட்டார்கள் என்பதை நம்பியா நாம் திட்டம் போடுவது?

உப்பு ஏறிய கிணறு எப்படி இருக்கும் என்று கொங்கு நாட்டுக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நொய்யல் கரையில் பார்த்தோமே. பாசனத்துக்கு என்று 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவைத் தேக்கி வைக்கிற தொட்டியாகிப் போனது. அணைக்குக் கீழே தென்னை காய்ந்தது, மாடு குடிக்காத தண்ணி கிணற்றில் நின்றது. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டன என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம். நமக்காவது பவானி இருக்கிறது, காவிரி இருக்கிறது, சிறுவாணி இருக்கிறது, லாரித் தண்ணி இருக்கிறது. தீவுக்காரர்களுக்குக் கடல் மேல் மிதக்கிற அந்தத் தண்ணி ஆடைதான் இருக்கிறது.

சரி, அவர்களுக்குக் குடிநீர்க் கஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. அதற்கு வழியும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம்ம சென்னையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் பார்த்த வழி. 2005ல் கவரத்தியில், கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குகிற முதல் ஆலை வைத்தார்கள், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். 2011ல் மினிக்காயிலும் அகத்தியிலும் வைத்தார்கள். மேல்மட்டத்துக் கடல் தண்ணி இருபத்தெட்டு டிகிரி பக்கம் இருக்கும். அதைக் காற்றுறிஞ்சிய தொட்டிக்குள் விட்டால் அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். முந்நூற்றைம்பது மீட்டர் ஆழத்திலிருந்து சில்லென்ற தண்ணியைக் குழாய் வழியாக ஏற்றி, அந்த ஆவியைக் குளிர வைத்தால் நல்ல தண்ணி. தீவைத் தாண்டியதும் கடல் திடுதிப்பென்று ஆழமாகிவிடுவதால்தான் இது அங்கே நடக்கிறது. நம் பிள்ளைகள் போய்ப் பார்க்க வேண்டியது இது. தமிழ்நாட்டு மூளை அங்கே போய் என்ன செய்தது என்று பார்த்துவிட்டு வந்தால், அதில் ரெண்டு பேராவது அந்தப் படிப்பு படிப்பார்கள். சுற்றறிக்கையில் அந்த ஆலையைப் பற்றி ஒரு வரி இல்லை.

இரண்டாவது வேலை, தீவுக் குழந்தைகளுக்கு எழுத்தறிவு. இதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி லட்சத்தீவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு கிட்டத்தட்ட 92 பேர். தமிழ்நாட்டில் 80. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அங்கே போய் யாருக்கு அ, ஆ சொல்லித் தரப்போகிறது? அங்கே பள்ளியில் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும். மினிக்காயில் வீட்டில் பேசுவது மகல், அது மாலத்தீவு மொழிக்கு உறவு, வலமிருந்து இடமாக எழுதுகிற எழுத்து. நம் பிள்ளைகளுக்கு அதில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ள முடிந்தால் பெரிய விஷயம்.

மூன்றாவது கழிப்பறை. நல்ல எண்ணம்தான், ஆனால் மறுபடியும் அதே மணல். நம் ஊரில் செப்டிக் டேங்கிலிருந்து கசிவது களிமண்ணில் வடிந்து, நின்று நிதானமாகப் போகும். பவளமணலில் அப்படி நிற்காது, நேராகக் கீழே இருக்கிற நல்ல தண்ணியில் இறங்கிவிடும். கிணறும் குழியும் ஒரே வாசலில் இருக்கிற ஊர் அது. பத்து வருடமாக அங்கே இருக்கிற பொறியாளரைக் கேட்காமல், பத்து நாள் இருந்துவிட்டு வருகிறவர்கள் கட்டுகிற காரியம் இல்லை.

இன்னொன்று, மாதம். மே மாதம் போகிறார்களாம். அங்கே வருடத்துக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, நம் கோவையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அதில் பெரும்பங்கு ஜூனில் தொடங்குகிற தென்மேற்குப் பருவத்தில்தான். அப்படியென்றால் ஏப்ரல், மே மாதங்களில் கிணற்றில் நல்ல தண்ணி ஆகக் குறைவாக இருக்கும், உப்பு ஆக மேலே நிற்கும். அந்த நேரம் பார்த்து ஐம்பது பேர் போய் இறங்குகிறோம். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசாங்கக் கணக்கு. ஐம்பது பேருக்கு ஆறாயிரத்து எழுநூற்றைம்பது லிட்டர், ஒவ்வொரு நாளும். நம் பிள்ளைகள் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டு கேட்கிற பிள்ளைகள், 135ல் நிற்காது. குடிநீர் கொடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, தண்ணி இல்லாத மாதத்தில் போய் அவர்கள் கிணற்றைக் காலி பண்ணிவிட்டு வருவோம். மே பாதிக்கு மேல் கடலும் கெட ஆரம்பித்துவிடும், கப்பல் வந்தால் உண்டு. காலாண்டு விடுமுறையில், மழை விட்ட பிறகு போனால் கிணறும் நிறைந்திருக்கும், கப்பலும் ஓடும். அனுமதிச் சீட்டு வாங்கவும் நாள் கிடைக்கும். வெளியாள் யார் போனாலும் நுழைவு அனுமதி இல்லாமல் காலை வைக்க முடியாத இடம் அது.

பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் நான் சொன்னபோது, பக்கத்தில் இருந்த ஒரு அப்பா, "அப்படியென்றால் எதற்குங்க அவ்வளவு தூரம், பர்கூர் மலைக்கோ தாளவாடிக்கோ போகலாமே" என்றார். நியாயமான கேள்விதான். அங்கேயும் ரோடு இல்லாத ஊர் இருக்கிறது, பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கி வருகிற செய்தி உங்கள் நாளிதழிலேயே வருகிறது. ஆனால் நான் அவரோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். பர்கூருக்குப் போனாலும் இதே சுற்றறிக்கையைத்தான் கொண்டுபோவார்கள். கேட்காமல் கொடுப்பது எந்த ஊரிலும் ஒன்றுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நிக்கோபாரில் என்ன நடந்தது? தேன்கூடு மாதிரி வட்டமாக, கால் நட்டு உயர்த்தி, காற்றோட்டமாக ஓலைவீடு கட்டி வாழ்ந்தவர்களைத் தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த வெயிலில், அந்தப் புழுக்கத்தில், தகரம். அவசரத்துக்குச் செய்தது என்பது வாஸ்தவம். நமக்கு இங்கே என்ன அவசரம்? ஒரு கடிதம் போட்டு, வேண்டியது என்னவென்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கலாமே.

ஆஸ்திரேலியாவில் இருக்கிற என் மச்சான் மகனின் பிள்ளை படிக்கிற பள்ளி, இதே மாதிரி ஃபிஜித் தீவுகளுக்குப் போகிறது. அங்கே ஒரு கிராமத்துக்குள் போக வேண்டுமென்றால் யங்கோனா என்கிற செடியின் வேரைக் கட்டாகக் கொண்டுபோய் ஊர்ப் பெரியவர் முன்னால் வைத்து, அவர் ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு செவுசெவு என்று பேர். ஊருக்குள் தொப்பி போடக் கூடாது, இடுப்பில் சுலு என்று வேட்டி மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொள்ள வேண்டும், யார் தலையையும் தொடக் கூடாது. பையன் முதல் நாள் ரொம்பக் கோபப்பட்டானாம், மூன்றாம் நாள் அந்த வேட்டியோடுதான் திரிந்தானாம். (அந்தத் தீவுகளுக்கு 1903லிருந்து நம் மதராஸ் ராஜதானி ஆட்களைக் கரும்புக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள், நாடி ஊரில் முருகன் கோவில் இருக்கிறது. அது இன்னொரு கடிதத்துக்கான கதை.) நான் சொல்ல வந்தது, அங்கே வருகிறவன் எப்படி வர வேண்டும் என்பதை இருக்கிறவன் முடிவு செய்கிறான். நம் வீட்டுக்கு ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் நாம் எதிர்பார்ப்பதும் அதுதானே. வந்த அன்றே நம் சமையலறையை இடித்துக் கட்டித் தருகிறேன் என்று யாராவது நின்றால் விடுவோமா?

அப்புறம் பிள்ளைகள் அங்கே சும்மா இருப்பதா என்றால், இருக்கிறதே எவ்வளவோ. மினிக்காய்க்காரர்கள் சூரை மீன் பிடிப்பதை ஒரு நாள் படகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரிய வலை கிடையாது. சின்ன மீனை உயிரோடு கொண்டுபோய் வாரி இறைத்து, சூரை மேலே வந்ததும் கம்பும் கொக்கியும் வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். அதை வேக வைத்து, புகை போட்டு, வெயிலில் கட்டையாகக் காய வைத்தால் அதுதான் நம் தூத்துக்குடிக் கடைகளில் விற்கிற மாசி. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் சுத்த சைவம், வாசத்துக்கே மூக்கைப் பிடிப்பார்கள், பரவாயில்லை. மினிக்காயில் ஊர் ஊராகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் போடுகாக்கா என்று ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். மற்றத் தீவுகளில் தாய்வழிச் சொத்து. அதுவும் எப்படி, குடும்பத்துப் பொதுச் சொத்துக்கு வெள்ளியாழ்ச்சைச் சொத்து, தானாகச் சம்பாதித்ததுக்குத் திங்களாழ்ச்சைச் சொத்து என்று கிழமை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பத்து சென்ட் தோட்டத்துக்கு அண்ணன் தம்பி கோர்ட் படி ஏறுகிற நம் பக்கத்துப் பிள்ளைகள், பெண் வழியில் சொத்துப் போகிற முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன என்று நேரில் பார்த்தால் வீட்டுக்கு வந்து ரெண்டு கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், அப்பன்கள் பதில் சொல்லட்டும்.

உடம்பு வளைந்து ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால், தீவுக்காரர்கள் ஒத்துக்கொண்டால், மழைநீர்த் தொட்டிக்குப் போகிற கூரைக் குழாய்களைச் சுத்தம் செய்யலாம். தண்ணியில் கரைந்திருக்கிற உப்பை அளக்க நம் வீடுகளில் இருக்கிற அந்தச் சின்ன டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டுபோய், அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து கிணறு கிணறாக உப்பு அளந்து எழுதி, நோட்டை அவர்களிடமே கொடுத்துவிட்டு வரலாம். வருடா வருடம் போகிற பிள்ளைகள் அதே கிணறுகளை அளந்தால் அந்த நோட்டுக்கு மதிப்பு ஏறும், ஒரே தடவை அளந்துவிட்டு வந்தால் பெரிய பயன் இல்லை. கொண்டுபோகிற பிஸ்கட் பாக்கெட் உறை, ஷாம்பு சாஷே எல்லாவற்றையும் மூட்டை கட்டித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி பத்துத் தீவுகளில் 64 ஆயிரம் பேர், எல்லாத் தீவும் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர். நம் குப்பையைக் கொட்ட, கோவைக்கு இருக்கிற வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு மாதிரி அங்கே எதுவும் கிடையாது. பவளப்பாறை மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளைவிட ஆசிரியர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். 1998ல் கடல் சூடாகி அந்தப் பாறைகள் வெளுத்துச் செத்ததிலிருந்து அவை பட்டபாடு போதும். அலையைத் தடுத்துத் தீவை வைத்திருப்பதே அந்தப் பாறைதான்.

கூட்டத்தில் எனக்குக் கிடைத்த பதில், போர்வெல்லுக்கு ஒரு நன்கொடையாளர் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டார், பெயர்ப் பலகைக்கு வாசகம்கூட எழுதியாகிவிட்டது என்பதுதான். பலகை எழுதியாகிவிட்டது, தீவில் யாரையும் கேட்கவில்லை! இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். அந்த நன்கொடையாளர் நல்ல மனுஷராகத்தான் இருப்பார், விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். அவர் பணத்துக்கு நம் பக்கத்திலேயே வேலை இருக்கிறது. கைவிட்ட போர்க்குழிகளை மூடாமல் விட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒரு குழந்தையை விழுங்கக் காத்திருக்கிறது. மூடி போடலாம், அல்லது அதிலேயே மழைநீரை இறக்கலாம். நான் கூட வந்து காட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.

பள்ளியிடம் எழுத்தில் கேட்டிருப்பது மூன்று: போர்வெல்லை எடுத்துவிட வேண்டும், தேதியை அக்டோபர் பக்கம் தள்ள வேண்டும், தங்கப் போகிற தீவின் பஞ்சாயத்திடமும் பள்ளியிடமும் என்ன வேண்டும் என்று கேட்டு, வந்த பதிலைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும். ஒரு பிள்ளைக்கு அரை லட்சத்துக்குப் பக்கம் வாங்குகிறார்கள், அதில் எவ்வளவு தீவுக்காரர் கைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. பேத்தி பேரைக் கொடுத்து முன்பணமும் கட்டியிருக்கிறோம். இந்த மூன்றும் நடந்தால் அவள் போவாள், போகும்போது டி.டி.எஸ். மீட்டர் நான் வாங்கித் தருவேன். நடக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அடுத்த வாரம் பள்ளி அலுவலகத்துக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரிக் வண்டிக்காரர்,
திருச்செங்கோடு.